எஃப்1 தட்டினால் என்ன வரும்? லாசரஸ் படிப்பவர்களுக்குக் கேள்வி பதில்

போன இதழில், பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் லாசரஸ் என்ற இலவசச் சூழலைப் பற்றி ஒரு பத்தி எழுதி, "நிறுவிப் பாருங்கள், கூட வரும் ஆவணங்களே போதும்" என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் இத்தனை கடிதம். 'போதும்' என்று சொன்னது யார், அந்த ஆவணம் எங்கே இருக்கிறது, இருந்தாலும் அதை மனுஷன் படிக்க முடியுமா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விகள். முடிந்தவரைக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லாசரஸ் நிறுவிவிட்டேன். ஆவணம் என்று தேடினால் யூசர்ஸ் கைடு, புரோகிராமர்ஸ் கைடு, ரெஃபரன்ஸ் கைடு, ஆர்டிஎல், எஃப்சிஎல், எல்சிஎல் என்று வரிசையாக வருகிறது. எல்லாம் தலையணை சைஸ். எதிலிருந்து ஆரம்பிப்பது?
(பாலிடெக்னிக் மாணவர், மதுரை)

பதில்: எதையும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆர்டிஎல் கைடு மட்டுமே ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், அதை வரிசையாகப் படிப்பது அகராதியை 'அ'விலிருந்து படிக்கிற மாதிரி.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். ஃபிரீ பாஸ்கல் என்பது கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவது. ஜெர்மனியில் ஃப்ளோரியான் கிளெம்ஃபல் 1993இல் ஆரம்பித்தது. போர்லாந்து நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் 16 பிட்டோடு நின்றுவிடும், டாஸுக்கு 32 பிட் கம்பைலர் போர்லாந்திடமிருந்து வராது என்று தெரிந்தபின் அவரே எழுதத் தொடங்கினார். லாசரஸ் என்பது அந்தக் கம்பைலரின் மேல் கட்டிய பட்டறை: ஃபார்ம் வரைவது, பட்டன் வைப்பது, பிழை தேடுவது எல்லாம் அங்கே. அது 1999இல் வேறு ஆட்கள் ஆரம்பித்தது. இரண்டு வீடு, இரண்டு சமையல். அதனால்தான் ஆவணங்களும் இரண்டு இடத்தில் கிடக்கின்றன. இது தெரியாமல் தேடுகிறவர்கள் பட்டன் பற்றிக் கம்பைலர் கைடில் தேடிவிட்டு, ஆவணமே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி உங்கள் கேள்வி எந்த ஜாதி என்று பாருங்கள். 'கேஸ் எப்படி எழுதுவது, ரெக்கார்டுக்குள் ரெக்கார்டு வைக்கலாமா' என்பது மொழி பற்றிய கேள்வி. அதற்கு ரெஃபரன்ஸ் கைடு. ஒவ்வொரு இலக்கண விதியையும் ரயில் தண்டவாளம் மாதிரி ஒரு படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அம்புக்குறி போகிற வழியில் போனால் சரியான வாக்கியம் கிடைக்கும். முதலில் அந்தப் படங்கள் பயமுறுத்தும், ஒரு வாரத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கம்பைலர் ஏதோ திட்டுகிறது, அல்லது ஓடுகிற புரோகிராம் 'ரன்டைம் எரர் 106' என்று சொல்லிவிட்டுச் செத்துவிடுகிறது என்றால் யூசர்ஸ் கைடு, அதிலும் கடைசிப் பக்கங்கள். பின்னிணைப்பில் கம்பைலர் சொல்லக்கூடிய செய்திகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தோடு இருக்கின்றன. அதற்கடுத்த பின்னிணைப்பில் ரன்டைம் எரர் எண்கள். 106 என்றால் எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டியிருக்கிறீர்கள், 2 என்றால் கோப்பு இல்லை, 216 என்றால் பெரும்பாலும் உருவாக்காத ஆப்ஜெக்டைத் தொட்டிருக்கிறீர்கள். அந்த நான்கைந்து பக்கத்தை அச்செடுத்து மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தால்கூடத் தப்பில்லை.

புரோகிராமர்ஸ் கைடு என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன். 'நாமும் புரோகிராமர் ஆகப்போகிறோம், இதுதான் நமக்கு' என்று அதில் உட்கார்ந்து மூன்று சாயங்காலத்தைத் தொலைத்தேன். கம்பைலருக்குக் கட்டளை போடும் டைரக்டிவ்கள், அசெம்பிளர் கலப்பது, லிங்க் செய்வது என்று உள்வேலைகள் பற்றியது அது. முதல் வருஷத்தில் அதன் முதல் அத்தியாயத்தைத் தாண்டி வேலை இருக்காது.

மீதி மூன்றும் நூலகங்களைப் பற்றியவை. சரத்தை (எழுத்துத் தொடரை) எண்ணாக்குவது, தேதி, கோப்பு, கணிதம் எல்லாம் ஆர்டிஎல். ஐஎன்ஐ கோப்பு, வேறொரு புரோகிராமை ஓடவைப்பது, ஜிப், தரவுத்தள அடிப்படை போன்றவை எஃப்சிஎல். பட்டன், எடிட் பெட்டி, கிரிட், மெனு எல்லாம் எல்சிஎல், அது லாசரஸ் வீட்டுச் சரக்கு.

சரி, முதல் நாள் என்ன செய்வது? கைடு எதையும் திறக்காதீர்கள். ஒரு ஃபார்ம், அதில் ஒரு எடிட், ஒரு பட்டன். பட்டனை இரண்டு முறை தட்டினால் காலி புரொசீஜர் வரும், அதற்குள் ஷோமெசேஜ் போட்டு எடிட்டில் அடித்ததைக் காட்டுங்கள், எஃப்9 தட்டுங்கள். ஓடியதும் எஃப்12ஐத் தட்டித் தட்டி ஃபார்முக்கும் கோடுக்கும் போய் வாருங்கள். அப்புறம் டூல்ஸ் மெனுவில் எடுத்துக்காட்டு புராஜெக்டுகள் என்று ஒன்று புதிய பதிப்புகளில் இருக்கிறது. அதைத் திறந்து ஒன்றைப் பிரதி எடுத்து உடைத்துப் பாருங்கள். கைடுகள் அதற்கு அடுத்த வாரத்துக்கு.

கேள்வி: உபுண்டுவில் லாசரஸ் போட்டிருக்கிறேன். எஃப்1 தட்டினால் எதுவும் வரவில்லை, அல்லது உதவி கிடைக்கவில்லை என்று பெட்டி வருகிறது. ஒரு ஃபங்ஷன் மேல் கர்சரை வைத்து மூலநிரலுக்குப் போகவும் முடியவில்லை.
(கோயம்புத்தூர் வாசகி)

பதில்: விண்டோஸில் ஒரே நிறுவியில் எல்லாம் வந்துவிடும். உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தில் அதையே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கம்பைலர் ஆவணம் எஃப்பி-டாக்ஸ் என்ற பொதியில், லாசரஸ் ஆவணம் லாசரஸ்-டாக் என்ற பொதியில், கம்பைலரின் மூலநிரல் எஃப்பிசி-சோர்ஸ் என்ற பொதியில். மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்ட் + மேல் அம்பு வேலை செய்யவில்லை என்றால் மூன்றாவது பொதி இல்லை, அல்லது அது இருக்கும் பாதை ஆப்ஷன்ஸில் தவறாக இருக்கிறது என்று பொருள்.

எஃப்1க்கு இன்னொரு சின்ன சடங்கு உண்டு. உதவிக் கோப்புகள் சிஎச்எம் வடிவில் இருக்கும், அதைத் திறந்து காட்டுவது எல்ஹெல்ப் என்ற தனிப் புரோகிராம். அதுவும் பாஸ்கலில் எழுதியதுதான், அதன் புராஜெக்ட் கோப்பு லாசரஸ் அடைவுக்குள் காம்பொனென்ட்ஸ், அதற்குள் சிஎச்எம்ஹெல்ப், அதற்குள் எல்ஹெல்ப் என்ற இடத்தில் இருக்கும். திறந்து ஒரு தடவை கம்பைல் செய்துவிட்டு, டூல்ஸ் ஆப்ஷன்ஸில் ஹெல்ப் பகுதிக்குப் போய் அந்த இயங்கு கோப்பையும் சிஎச்எம் கோப்புகள் இருக்கும் அடைவையும் காட்டிவிட்டால் சரி. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதையாக, உதவி மொத்தமும் வன்தட்டில் இருக்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும் ஆட்கள் நிறைய.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்: எஃப்1ஐவிட அந்த ஆல்ட் + மேல் அம்பைத்தான் நான் அதிகம் தட்டுகிறேன். ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒரு ப்ராபர்ட்டி என்ன செய்கிறது என்பதை மூலநிரலே சொல்லிவிடும். பாஸ்கல் மூலநிரல் படிக்கக்கூடிய மொழியில் இருப்பதால் இது சாத்தியம்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் படிக்கிறேன். ஐசிடி பாடத்தில் பஸ்கால் இருக்கிறது, வீட்டில் ஃபிரீ பஸ்கால் போட்டுப் பழகுகிறேன். ஒரு தேங்காய் 200 ரூபா, 200 தேங்காய் எவ்வளவு என்று நிரல் எழுதினேன். விடை -25536 என்று வருகிறது. இன்டீஜர் மாறிதான் போட்டேன். எங்கள் சேர் தன் கணினியில் லாசரஸில் செய்து காட்டினால் 40000 என்று சரியாக வருகிறது. என் கணினி பழுதா?
(பதினோராம் தர மாணவன்)

பதில்: கணினி நல்லாத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் கேட்டது இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி, ஏனென்றால் இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

ரெஃபரன்ஸ் கைடில் முழுஎண் வகைகளுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. பைட் 0 முதல் 255 வரை, ஸ்மால்இன்ட் -32768 முதல் 32767 வரை, லாங்இன்ட் இருநூறு கோடியைத் தாண்டும் வரை, இப்படி. அந்த அட்டவணையில் இன்டீஜருக்கு எதிரே எல்லை எண் இருக்காது. 'ஸ்மால்இன்ட் அல்லது லாங்இன்ட்' என்று இருக்கும். அந்த 'அல்லது'தான் உங்கள் 40000ஐத் தின்றது.

டர்போ பாஸ்கல் காலத்தில் இன்டீஜர் என்றால் 16 பிட். அதற்குப் பின் போர்லாந்து கொண்டுவந்த டெல்ஃபி 32 பிட்டுக்கு மாறியபோது அதே பெயர் 32 பிட் ஆனது. ஃபிரீ பாஸ்கலுக்கு இரண்டு தரப்பு பழைய நிரல்களையும் கம்பைல் செய்ய வேண்டும் என்று ஆசை. அதனால் 'மோட்' என்று ஒன்று வைத்தார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அதன் சொந்த மோட், அதில் இன்டீஜர் 16 பிட்தான். ஆப்ஜெக்ட் பாஸ்கல் மோட் அல்லது டெல்ஃபி மோட் என்று மேலே ஒரு வரி எழுதினால் 32 பிட். உங்கள் சேர் லாசரஸில் புது புராஜெக்ட் திறந்ததும் யூனிட்டின், அதாவது நிரல் கோப்பின், உச்சியில் அந்த மோட் வரியை லாசரஸே எழுதிவைத்துவிடும். நீங்கள் ஃபிரீ பாஸ்கலோடு வரும் நீலத்திரை ஐடிஇயில் (நிரல் எழுதி ஓடவிடும் சூழலில்) வெறுமனே எழுதினீர்கள், அங்கே யாரும் எழுதித் தரவில்லை. ஒரே நிரல், ஒரே கம்பைலர், இரண்டு விடை.

கணக்கையும் பாருங்கள். 16 பிட்டில் மொத்தம் 65536 எண்கள்தான் அடங்கும். 40000 அதன் நேர்ப்பக்க எல்லையான 32767ஐத் தாண்டிவிட்டது, சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது. 40000இலிருந்து 65536ஐக் கழித்தால் -25536. பேனாவை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

மூன்று வழி இருக்கிறது. நிரலின் முதல் வரிக்குக் கீழே மோட் டைரக்டிவ் போடலாம். அல்லது இன்டீஜருக்குப் பதில் லாங்இன்ட் என்று எழுதிவிடலாம், அதன் அளவு எந்த மோடிலும் மாறாது. மூன்றாவது, பழகும் காலம் முழுக்க ரேஞ்ச் செக்கிங்கை இயக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஐடிஇயின் கம்பைலர் ஆப்ஷன்ஸில் ஒரு சதுரப் பெட்டி உண்டு. அது இருந்தால் நிரல் -25536 என்று பொய் சொல்லாது, ரன்டைம் எரர் 201 என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தப்பான விடையைவிட நின்றுபோகிற நிரல் நல்லது. ஆனால் பரீட்சையில் கேட்டால் உங்கள் பாடநூலில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள், என் பேரைச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: பாஸ்கல் செத்துப்போன மொழிதானே? அதற்கு ஏன் ஒரு பக்கத்தை வீணாக்குகிறீர்கள்?
(சென்னை)

பதில்: நிக்லாஸ் விர்த் 1970இல் சூரிச்சில் வெளியிட்ட மொழி, அவரே 2024 ஜனவரி முதல் தேதி காலமாகிவிட்டார், எனவே வயசானது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். செத்தது என்றால், லாசரஸின் பெயரையே கவனியுங்கள். மெகிடோ என்ற பெயரில் டெல்ஃபி மாதிரி ஒன்றைக் கட்ட ஒரு கூட்டம் முயன்றது, அது படுத்துவிட்டது. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததால்தான் பைபிளில் நான்காம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசருவின் பெயரை இதற்கு வைத்தார்கள். 1.0 பதிப்பு வெளிவர 2012 ஆயிற்று, 4.0 வந்தது 2025இல். வேகம் குறைவு, கம்பைலரின் 3.2.2 பதிப்பு 2021இல் வந்தது. மெதுவாக நடக்கிறவனைச் செத்தவன் என்று சொல்லக்கூடாது இல்லையா.

கேள்வி: ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். வீட்டு வரவு செலவுக்கு லாசரஸில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொகைப் பெட்டியைக் காலியாக விட்டுப் பட்டனைத் தட்டினால் ஆங்கிலத்தில் பிழைப்பெட்டி வந்து பயமுறுத்துகிறது. ஆவணத்தில் தேடினேன், அந்த ஃபங்ஷன் பக்கம் கிடைத்தது, ஆனால் அதை எப்படிப் படிப்பது என்றே புரியவில்லை. தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.
(கும்பகோணம்)

பதில்: வங்கியில் லெட்ஜர் படித்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை சார். ஒரு லெட்ஜர் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இதுவும் அப்படித்தான், எல்லாப் பக்கமும் ஒரே வார்ப்பு.

நீங்கள் பயன்படுத்தியது ஸ்ட்ர்டுஇன்ட் என்று ஊகிக்கிறேன், சரத்தை முழுஎண்ணாக்குவது. ஆர்டிஎல் கைடில் சிஸ்யூட்டில்ஸ் என்ற யூனிட்டுக்குக் கீழே இருக்கும். முதலில் சினாப்சிஸ் என்று ஒரு வரி: இது என்ன செய்யும் என்பது மட்டும். அப்புறம் டிக்ளரேஷன்: என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்ப வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் கொடுக்க வேண்டியது, முக்காற்புள்ளிக்கு அப்பால் இருப்பது உங்களுக்குக் கிடைப்பது. அடுத்து டிஸ்க்ரிப்ஷன், அதாவது விளக்கம். இதில் பல பக்கங்களில் இரண்டே வாக்கியம்தான் இருக்கும், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

ஏனென்றால் சரக்கு அதற்குக் கீழேதான் இருக்கிறது. எரர்ஸ் என்று ஒரு பகுதி. கொடுத்த சரம் எண்ணாக இல்லாவிட்டால் இகன்வர்ட்எரர் என்ற எக்செப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, எழும் என்று அங்கே எழுதியிருக்கும். உங்களைப் பயமுறுத்திய பெட்டி அதுதான். காலிச் சரம் எண் அல்ல, எனவே 'இது செல்லாத முழுஎண்' என்று சொல்கிறது. காலியாக இருந்தால் சைபர் என்று அதுவாக எடுத்துக்கொள்ளாது, காலியான செலானை நீங்கள் கவுன்டரில் வாங்கிக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா, அந்த மாதிரி.

கடைசியில் சீ ஆல்சோ, 'இதையும் பார்க்க'. நூற்றில் தொண்ணூறு பேர் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய பதில் இங்கேதான். ஸ்ட்ர்டுஇன்ட்டெஃப் என்று ஒன்று காட்டும்: எண்ணாக இல்லாவிட்டால் எதைத் தர வேண்டும் என்று இரண்டாவதாக நீங்களே சொல்லிவிடலாம், சைபர் என்றால் சைபர். ட்ரைஸ்ட்ர்டுஇன்ட் என்று இன்னொன்று: வெற்றியா தோல்வியா என்று ஆம், இல்லை சொல்லும், எண்ணைத் தனி மாறியில் போடும். பணக் கணக்குக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவது '5OO' என்று சைபருக்குப் பதில் ஓ எழுத்தைத் தட்டிவிட்டாலும் கமுக்கமாகச் சைபர் போட்டுவிட்டுப் போய்விடும், மாதக் கடைசியில் நீங்கள் எங்கே இடிக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ட்ரை போட்டு, தோற்றால் 'தொகையைச் சரியாக எழுதுங்கள்' என்று தமிழிலேயே ஒரு செய்தி காட்டி, கர்சரை அந்தப் பெட்டிக்கே திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று. கோடில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு கன்ட்ரோல் + ஸ்பேஸ் தட்டினால் அங்கே எழுதக்கூடியவை எல்லாம் பட்டியலாக வரும். வகுப்பில் ஒரு மெதட்டின் தலைப்பை எழுதிவிட்டு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி தட்டினால் உடலை அதுவே கீழே எழுதிவிடும். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் ஆவணத்தைத் திறக்கும் வேலை பாதியாகும்.

கேள்வி: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. மூன்று எழுத்துதானே? எந்தக் கைடிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.
(தஞ்சாவூர், தமிழ் ஆசிரியை)

பதில்: கைடில் இருக்கிறது, ஆனால் தமிழை வைத்து யாரும் எழுதவில்லை. லாசரஸில் சரங்கள் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கின்றன. லெங்த் என்ற ஃபங்ஷன் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், தமிழில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால் அவர்களுக்கு இந்தச் சங்கடம் வருவதே இல்லை, அதனால் எடுத்துக்காட்டுகளும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. லாசரஸின் இணைய விக்கியில் யூனிகோட் ஆதரவு பற்றிய பக்கங்களை மட்டும் உட்கார்ந்து படித்துவிடுங்கள், தமிழில் எதையாவது செய்யப் போகிறவர்களுக்கு அது கட்டாயம்.

லாஸ்யுடிஎஃப்8 என்ற யூனிட்டைச் சேர்த்து யுடிஎஃப்8லெங்த் என்று கேட்டால் 5 வரும். அதுவும் மூன்று அல்ல. முதல் இரண்டை வெட்டி எடு என்று யுடிஎஃப்8காப்பியிடம் சொன்னால் 'தமி' வராது, 'தம' என்று வரும், இகரக்குறி வெட்டுப்பட்டுப் போய்விடும். சாதாரண காப்பி என்றால் இன்னும் மோசம், முதல் எழுத்தின் மூன்று பைட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு ஒரு கட்டத்தையோ கேள்விக்குறியையோ காட்டும்.

நம் கணக்கில் எழுத்தை எண்ண வேண்டும் என்றால் கொஞ்சம் கை வேலை. ஒவ்வொரு குறியீடாகப் போய், அது உயிர்மெய்க்குறியோ புள்ளியோ என்றால் எண்ணாமல் தாண்டிவிடுங்கள். யூனிகோடில் அவை 0பிபிஇ முதல் 0பிசிடி வரையிலான இடத்தில் இருக்கின்றன, கூடவே ஔகார நீட்டக் குறி 0பிடி7. மற்றதை மட்டும் எண்ணினால் த, ம, ழ என்று மூன்று. 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டும் இந்தக் கணக்கில் இரண்டிரண்டாகத்தான் வரும். அதற்கு விதிவிலக்கு எழுதுவதா, கிரந்தம்தானே என்று விட்டுவிடுவதா என்பதை உங்களிடமே விடுகிறேன், அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

கேள்வி: தொண்ணூறுகளில் டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறேன். பிற்காலக் கணினியில் ஓடவிட்டால் தொடங்கியதுமே ரன்டைம் எரர் 200. எங்கே சைபரால் வகுத்தேன் என்று தேடித்தேடி அலுத்துவிட்டது.
(நாகர்கோவில்)

பதில்: நீங்கள் வகுக்கவில்லை, திரையையும் விசைப்பலகையையும் கையாளும் கிரட் யூனிட் வகுத்தது. டிலே என்ற புரொசீஜருக்காகக் கணினியின் வேகத்தைத் தொடக்கத்திலேயே அளந்து பார்க்கும், வேகமான பிராசசர் வந்ததும் அந்தக் கணக்கு வழிந்துபோய் இந்தப் பிழையாக வெளியே வந்தது. மூலநிரல் கையில் இருந்தால் ஃபிரீ பாஸ்கலில் டர்போ மோடில் மறுபடி கம்பைல் செய்யுங்கள், அதன் கிரட்டில் இந்தக் கோளாறு இல்லை. இயங்கு கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம்.

கேள்வி: புத்தகம் எதாவது வாங்கலாமா? பழைய புத்தகக் கடையில் பாஸ்கல் புத்தகங்கள் கிலோ கணக்கில் கிடைக்கின்றன.

பதில்: கிலோ கணக்கில் கிடைப்பதில் ஒன்றை வாங்குங்கள், தப்பில்லை. மாறி, சுழற்சி, அணி, ரெக்கார்டு, பாயின்டர், லிங்க்டு லிஸ்ட் வரைக்கும் அப்படியே செல்லும், இந்த மொழியே பாடம் நடத்தப் பிறந்த மொழி என்பதால் அந்தக் காலத்துப் புத்தகங்களில் அல்காரிதம் நன்றாகவே விளக்கியிருப்பார்கள். சரங்கள், கோப்பு, கிராஃபிக்ஸ் அத்தியாயங்களைத் தாண்டிவிடுங்கள். 255 எழுத்துக்கு மேல் சரம் போகாது என்று அதில் இருக்கும், இன்று அப்படி இல்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு எனக்குப் பிடித்தவை. சூடானைச் சேர்ந்த ஒரு நிரலாளர் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக அரபியில் எழுதி, அப்புறம் ஆங்கிலத்திலும் கொண்டுவந்த அறிமுக நூல் ஒன்று. ஒரு பாடம், ஒரு முழு நிரல் என்று அலட்டாமல் போகும். புதிதாகப் படிப்பவர்களுக்கு அது. இன்னொன்று காசில் கேம் எஞ்சின் என்ற விளையாட்டு எஞ்சினை எழுதியவர் தந்த சுருக்கமான அறிமுகம். ஏற்கெனவே ஜாவாவோ பைத்தானோ தெரிந்தவர்கள் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

விக்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே தலைப்பில் நேற்று எழுதிய பக்கமும் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிய பக்கமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பக்கத்தின் வரலாற்றைத் திறந்து கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். அதிலும் சரக் குறியாக்கம் பற்றிய பழைய பக்கங்களில் உள்ள சுற்றுவழிகள் பலவற்றுக்கு, கம்பைலர் 3.0 வந்த 2015க்குப் பிறகு அவசியமே இல்லாமல் போய்விட்டது.

வீடியோ கேட்டு எழுதியவர்களுக்கு: பாருங்கள், ஆனால் விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பஞ்சாங்கக் கணக்குக்கு ஒரு யூனிட் எழுதியிருக்கிறோம். நூற்றுக்கு மேல் ஃபங்ஷன். இப்போது யார் எதை எழுதினார்கள் என்றே மறந்துவிட்டது. லாசரஸ்காரர்கள் அவர்கள் ஆவணத்தை எதில் எழுதுகிறார்கள்? அதையே நாங்களும் பயன்படுத்தலாமா?
(திருச்சி)

பதில்: தாராளமாக. அதன் பெயர் எஃப்பிடாக், கம்பைலரோடு கூடவே வருகிறது. ஆர்டிஎல், எஃப்சிஎல், எல்சிஎல் கைடுகள் எல்லாம் அதில் வார்த்தவைதான்.

இதில் ஒரு விசேஷம். மற்ற பல மொழிகளில் விளக்கத்தை நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதுவார்கள். இங்கே தனி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுகிறார்கள். நிரல் சுத்தமாக இருக்கும், மொழிபெயர்ப்பதும் சுலபம். கெடுதல் என்னவென்றால் நிரலை மாற்றுகிறவன் விளக்கத்தை மாற்ற மறந்துவிடுவான், ஏனென்றால் அது அவன் கண்ணெதிரே இல்லை. இது இன்றைக்கும் ஒரு முடியாத விவாதம், என்னைக் கேட்டால் குறிப்பு நிரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் நல்லது. ஆனால் கருவி இவ்வளவு தூரம் தயாராகக் கையில் இருக்கும்போது குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மேக்ஸ்கெல் என்று கூடவே ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உங்கள் யூனிட்டைக் கொடுத்தால் நூறு ஃபங்ஷனுக்கும் காலிக் கட்டங்களோடு எக்ஸ்எம்எல் எலும்புக்கூட்டைத் தந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஷார்ட், டெஸ்க்ரிப்ஷன், எரர்ஸ், சீ ஆல்சோ என்று இடம் இருக்கும், மேலே வங்கிக்காரருக்குச் சொன்னேனே, அதே கட்டங்கள்தான். லாசரஸில் வியூ மெனுவில் எஃப்பிடாக் எடிட்டர் இருக்கிறது, கர்சர் எந்த ஃபங்ஷன் மேல் இருக்கிறதோ அதன் கட்டங்களை அங்கேயே திறந்து காட்டும், எக்ஸ்எம்எல்லைக் கையால் தொட வேண்டியதில்லை.

நூறையும் ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தால் பத்தாவதில் எழுந்துவிடுவீர்கள். முதலில் ஷார்ட் வரியை மட்டும் மூன்று பேரும் பங்குபோட்டு நிரப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், கோப்பு யுடிஎஃப்-8ஆக இருந்தால் போதும். 'திதியைத் தரும்' என்று எழுதாதீர்கள், அது பெயரிலேயே இருக்கிறது. 'சூரிய உதயத்தின்போது நடப்பில் உள்ள திதி, 1 முதல் 30 வரை, அமாவாசை 30' என்று எழுதுங்கள். அதை எழுதிச் சேமித்துவிட்டு, ஃபங்ஷன் பெயர் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வையுங்கள், நீங்கள் எழுதிய அந்த வரி சின்ன மஞ்சள் பெட்டியில் எழுந்து நிற்கும்.